நாற்பத்து மூன்றாவது பெயர்

அன்புள்ள வாலு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நீ அனுப்புகிற போட்டோக்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். இங்கே நான் சுகம். வழக்கமாகக் கை தானாக எழுதிவிடுகிற வார்த்தை, இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதினேன். போனில் சொல்லிவிடலாம் என்று நாலைந்து முறை நினைத்தேன். சாப்பிட்டீங்களாப்பா என்பாய், ஆச்சும்மா என்பேன், அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடுகிறது. உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. பிரசவத்துக்கு நானே வந்து கூட இருக்கிறேன் என்று டிக்கெட்டெல்லாம் எடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் முழங்கால் வலி, டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன். நீ, "அம்மா இருந்திருந்தா தவழ்ந்தாவது வந்திருப்பாங்க" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். ஆனால் என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, அது பொய். நடந்ததை எழுதுகிறேன், கடைசிவரை படி.

சின்ன வயதில் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று உன் டீச்சர் கேட்டதற்கு, எங்கப்பா இருமுறவங்களை எண்ணுறாரு என்று சொன்னாயே, காசநோய் மையத்தில் இன்னும் அதே வேலைதான் பார்க்கிறேன். நாடு முழுக்க இந்த நோயை ஒழிக்க வருஷம் குறித்திருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் பகுதியில் ஒரு வருஷத்தில் இருநூற்றுப் பத்துப் பேருக்கு இருந்தது, அது நாற்பத்திரண்டைத் தாண்டாமல் இருந்தால் இலக்கை எட்டியதாகச் சான்றிதழ். போன டிசம்பர் நடுவில் சரியாக நாற்பத்திரண்டில் நின்றோம். சுவரில் நான் ஒட்டிய வரைபடத்தில் கோடு படிப்படியாக இறங்கி இலக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. யாராவது தும்மினால்கூட எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஜீப் டிரைவர் விழாவுக்கென்று புதுச் சட்டை தைத்துவிட்டார். எனக்கு அப்போது மூன்று வாரமாக இருமல். பழைய பதிவேடுகளை இடம் மாற்றிய தூசி என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். சளி பார்க்கிற லேப் பெண்தான், ரெண்டு வாரம் இருமினா சளி கொடுக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க உங்களுக்கு மட்டும் தனிக் கணக்கா என்று கேட்டு டப்பாவைக் கையில் திணித்தாள். மறுநாள் மத்தியானம் முடிவுச் சீட்டை என் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். திருப்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனுஷி, அவரைத் தப்பாக நினைக்காதே. உங்கள் தம்பி வீடு பக்கத்துப் பகுதிதானே, அந்த முகவரியில் பதிந்துகொள்ளுங்கள், மாத்திரை ஒன்றுதான், வைத்தியம் ஒன்றுதான் என்றார். "ஒரு பேர்தானே சார், இத்தனை பேரோட பத்து வருஷ உழைப்பு." யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். உன்னிடம் மறைப்பானேன், முக்கால்வாசி சரி என்றுதான் முடிவு செய்திருந்தேன். பிறகு எங்கள் மையத்துக்கு முன்பு வந்த ஒரு பஸ் கண்டக்டர் நினைவுக்கு வந்தார். வெட்கப்பட்டுப் பொய் முகவரி கொடுத்தவர், மூன்று மாதம் தேடிக் கண்டுபிடித்தபோது எழுந்து உட்காரக்கூட முடியவில்லை, பிழைக்கவில்லை. ஏன்யா ஒளிச்சீங்க என்று அவர் தலைமாட்டில் நின்று கேட்டவன் நான். காலையில் போய்ப் பதிவேட்டைத் திறந்து நாற்பத்து மூன்றாவது வரியில் என் பெயரை என் கையாலேயே எழுதினேன். மீதிக் கேள்விகளை லேப் பெண் கேட்டாள், வயசு, வேலை, பிறகு வீட்டில் கூட யார் யார் இருக்கிறார்கள் என்று. கூட இருப்பவர்களையும் சோதிக்க வேண்டுமே, அதற்காகக் கேட்பது. ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பேன். யாருமில்லை என்பவர்களுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சான்றிதழ் வரவில்லை. யாரும் சண்டை போடவில்லை, ஆனால் சிகிச்சை ஆரம்பித்துச் சில வாரம் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் எனக்கு மட்டும் இடம் இல்லாமல் போயிற்று. பதிவேட்டு அறையிலேயே சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொள்வேன். முதல் இரண்டு மாதம் சோற்றைப் பார்த்தாலே குமட்டல். மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீங்க என்று எல்லோருக்கும் சொல்கிறவன், முதல் நாள் நானே பயந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். பேத்தி பிறந்த அன்று நீ போனில் முகம் காட்டினாயே, அப்போது இருமல் வந்து போனைத் தூரத் தள்ளிப் பிடித்து வாயைப் பொத்திக்கொண்டேன். கடல் தாண்டி இருக்கிற குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று தெரியும், இருந்தாலும் கை கேட்கவில்லை. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நிறைமாதத்தில் பயந்துபோவாய் என்பது ஒன்று. கேட்டதும் நீயும் ஒரு அடி தள்ளி நின்றுவிடுவாயோ என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிது.

என் பெயர் இங்கே பதிவானதால் என்னோடு வேலை செய்கிற எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். டிரைவருக்கு ஆரம்ப நிலையில் இருந்தது. மூடிய ஜீப்பில் வருஷக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம், யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்ல முடியாது. அவர் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு நோய் இல்லை, வராமலிருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துப் பகுதியில் எழுதியிருந்தால் இங்கே யாரும் யாரையும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். என்மேல் எல்லோரையும்விடக் கோபமாக இருந்தவர் அவர். ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவோடு பதிவேட்டு அறைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் தினமும் வந்து உட்காருகிறார்.

போன வாரத்தோடு எனக்கு ஆறு மாதம் முடிந்தது. கடைசிச் சோதனையில் கிருமி இல்லை, டாக்டரம்மாவே சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். குழந்தையைப் பார்க்கிற டாக்டரிடம் காட்டி, தாத்தா வந்து தூக்கலாமா என்று கூச்சப்படாமல் கேள். மாப்பிள்ளையிடமும் மறைக்காதே. வா என்றால் வருகிறேன், லீவு சொல்லி வைத்திருக்கிறேன். குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்றாலும் எனக்கு வருத்தமில்லை, கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடு, குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு, உன் அம்மாவுக்கு வந்த மாதிரி ரத்தக் குறைவு வராமல் பார்த்துக்கொள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டு நெடுநாள் இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. திட்ட வேண்டும் என்றிருந்தால் திட்டு, வாய் திறக்காமல் கேட்கிறேன். போனை மட்டும் சீக்கிரம் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா