மைக்கைக் கீழே வைத்தேன்

அன்புள்ள அம்மா,

முட்டிவலி தேவலையா? மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருந்தால் வந்ததும் சண்டைதான். நான் நன்றாக இருக்கிறேன்.

காது கேளாதவர்கள் அலுவலகங்களில் படும் பாட்டை ஆராய்ந்ததற்காக, மாநாட்டில் எனக்கு இளம் ஆய்வாளர் விருது கொடுத்தார்கள். அங்கேயும் ஒரு சின்ன வம்பு. பயப்படாதே.

ஆராய்ச்சிக்காக என்னிடம் மனம்விட்டுப் பேசிய வங்கிக் குமாஸ்தா அக்காவையும் கூட்டிப்போயிருந்தேன். அவருக்கும் உன்னைப் போலவே காது கேட்காது. பேசுவதையெல்லாம் அவருக்குச் சைகையில் சொல்ல ஆள் எங்கே என்று மாநாட்டுத் தலைவரைக் கேட்டேன்.

"ஒருத்தருக்காக ஆள் வைக்க முடியுமா? அப்புறமா எழுதிக் குடுத்துடலாம்மா" என்றார்.

எல்லாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அரைமணி நேரம் முழங்கிய அதே வாய்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடையேறி மைக்கைக் கீழே வைத்தேன். நீ கற்றுக்கொடுத்த சைகையிலேயே உரை முழுவதையும் பேசினேன்.

"வாயைத் திறந்து பேசும்மா, ஒண்ணும் புரியலை" என்று தலைவர் கத்தினார்.

"உங்களுக்கு அப்புறமா எழுதிக் குடுத்துடலாம் சார்" என்று வாயாலும் சைகையாலும் சொன்னேன். அரங்கமே திருதிருவென்று விழித்தது. அக்கா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

விருதைக் கொடுத்துத் தொலைத்தார்கள். என் பேராசிரியர்தான் மன்னிப்புக் கடிதம் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். எழுதமாட்டேன். இந்த வேஷக்காரர்களோடு எனக்கென்ன பேச்சு?

மாநாடு முடிந்த கையோடு அக்காவுக்கு வங்கியில் வேறு கிளைக்கு மாற்றல் வந்துவிட்டது, காரணம்கூடச் சொல்லவில்லையாம். என் பச்சைப் போர்வையை அனுப்பு. கூடவே உன் புகைப்படம் ஒன்று, இரண்டு கையும் தெரிகிற மாதிரி.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்