உருளைக்கிழங்கின் மேல் ஒரு சுற்று

ஜேஜு,
பிப்ரவரி மாதம்.

அன்புள்ள அக்காவுக்கு யோன்சிம் எழுதுவது.

மேலே "நான் இங்கே நலம்" என்று எழுதி அடித்திருப்பதைப் பார்த்துப் பதறாதே. ஏன் அடித்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் என் நாக்கு பாதி வழியில் படுத்துக்கொள்கிறது. போன தடவை நாரே உன்னிடம், "பெரியம்மா, அம்மா ஏன் வாயில சோத்த வச்சுக்கிட்டுப் பேசுறாங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நீ அவசரமாகப் போனைப் பொத்தியதும் தெரிந்தது. பக்கவாதம் வலது கையை விட்டுவைத்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்தது. அத்தானுக்கு இடுப்பு வலி தேவலையா? கனமான பெட்டிகளைத் தூக்க விடாதே. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சொன்னபடி சிகிச்சைக்காகக் குதிரை ஏறப் போகிறேன் என்று முன்பே சொன்னேன் அல்லவா? நீ சிரித்தாய். குதிரையின் பெயர் உருளைக்கிழங்கு. உருவமும் அப்படித்தான். குதிரை நடக்கும்போது நம் இடுப்பும் நடப்பது போலவே அசைகிறது, அதில் செத்த பக்கம் மெல்ல முழித்துக்கொள்ளும் என்கிறார்கள். ஒருத்தர் கயிற்றைப் பிடித்து முன்னால் நடப்பார். இரண்டு பக்கமும் ஆள் நின்று என் தொடையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்படியும் எனக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிடும். இப்போதெல்லாம் எனக்கு எதைக் கண்டாலும் பயம் அக்கா. குளியலறைத் தரை, கொதிக்கிற கெண்டி, பஸ் படி, எல்லாமே பயம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஏறுவதற்கு முன்னால் குதிரையின் கழுத்தில் கை வைத்து, இன்றைக்கு எனக்கு என்ன பயம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண் தெரியாத ஹியோன் அண்ணன், "இன்னிக்கு எனக்கு என் பொண்டாட்டிய நெனச்சாத்தான் பயம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். என் முறை வந்தால் நான், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பேன். நம் வீட்டுப் பழக்கம் வேறெப்படிப் போகும்? அம்மா சிப்பி எடுக்கக் கடலில் மூழ்கி, காதில் ரத்தம் வழியக் கரையேறிய அன்றைக்கும் "ஒண்ணுமில்ல" என்றுதானே சொன்னாள்.

நான் அப்படிச் சொல்லிவிட்டு ஏறினால் உருளைக்கிழங்கு கல் மாதிரி நிற்கும். கயிறு பிடிக்கிற மிரான் என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரிசு. "அக்கா, எங்ககிட்டப் பொய் சொல்லுங்க, பரவால்ல. ஒங்க காலு வெறகுக் கட்டையா வெறச்சுக் கெடக்கு. அவன்கிட்ட எப்படி மறைப்பீங்க?" என்பாள். எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தாலும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வேன்.

போன வாரம் நீ போனில் ஒன்று கேட்டாய். "ஏப்ரல்ல நாரேய இங்க ஒசாகாவுலயே பள்ளிக்கூடத்துல சேத்துரட்டுமா? ஒனக்கும் சுமை குறையும்" என்றாய். நான் என்ன சொன்னேன்? "சரிக்கா, பரவால்ல" என்றேன். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் குதிரை ஏறினேன். நல்ல காற்று. பக்கத்து ஆரஞ்சுத் தோட்டத்து பிளாஸ்டிக் கூரை ஒன்று பிய்த்துக்கொண்டு படபடவென்று வேலியில் வந்து அறைந்தது. உருளைக்கிழங்கு பக்கவாட்டில் துள்ளியது. நான் இடது பக்கம் சரிந்தேன். அந்தப் பக்கக் கையால்தான் எனக்கு எதையும் பிடிக்க முடியாதே. தரை கண்ணுக்கு நேரே வந்தது. அப்போது கத்தினேன் அக்கா. அந்தக் காற்றிலும் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். "பயமா இருக்கு! நாரே! நாரே!"

பக்கத்தில் நின்றவர்கள் என்னைத் தாங்கி நிமிர்த்திவிட்டார்கள். மிரான் குதிரையை நிறுத்தி, கழுத்தைத் தடவிக்கொண்டே மேலே பார்த்துக் கேட்டாள்: "நாரேன்னா யாருக்கா?"

இலையுதிர் காலத்திலிருந்து அங்கே போகிறேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று யாரிடமும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. குதிரை மேலே உட்கார்ந்தபடி, மூக்கு ஒழுக ஒழுக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பா புசானில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டது, நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ வந்து அவளை ஒசாகாவுக்குக் கூட்டிப்போனது, எல்லாம். மிரான், "எறங்குறீங்களா, இன்னொரு சுத்துப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். போகலாம் என்றேன். உருளைக்கிழங்கு நடந்தது.

அதனால் இப்போது உன்னிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் "பரவால்ல" என்றது பொய். பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுக்காதே. கொடுத்திருந்தால் போய்த் திருப்பி வாங்கு. நீ அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாய், அதில் எனக்குக் குறையே இல்லை. என் கோணிய வாயைப் பார்த்து அவள் மிரண்டுவிடுவாளோ, உன்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருப்பாளோ என்ற பயத்தில்தான் அப்படிச் சொன்னேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அவளைத் தூக்க முடியாது, தலை பின்னிவிட முடியாது. ஆனால் ஒற்றைக் கையால் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூட பஸ் நம் தெருமுனைக்கே வருகிறது.

வசந்த விடுமுறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. விமானத்தில் ஏறும் முன்பே என் காலையும் வாயையும் பற்றி அவளிடம் சொல்லிவிடு, மறைக்காதே. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தால் தடுக்காதே. விழுந்தால் விழுகிறேன். உன் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாலும், அக்கா, கையைப் பிடித்து முன்னால் தள்ளிவிடாதே. அவளும் நீயும் அங்கேயே நில்லுங்கள். நான் நடந்து வருகிறேன்.

உங்கள் எல்லாரையும் கடவுள் காப்பாற்றட்டும்.

உன் தங்கை,
யோன்சிம்.