வண்டிக்கு வைத்த சந்தனப் பொட்டு

துறைமங்கலம், பெரம்பலூர்
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சரத்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கடல் தாண்டி சிங்கப்பூரில் இருக்கும் நீயும் பானுப்ரியாவும் பேரனும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று இன்று காலையில்தான் சிறுவாச்சூர் போய் மதுரகாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை கூட்டம், காலை வைக்க இடமில்லை. பானுவுக்குக் குங்குமம் மடித்து இதோடு வைத்திருக்கிறேன், தபால்காரர்கள் கசக்காமல் கொண்டுவந்து சேர்த்தால் சரி. கூடத்தில் நீ மாட்டிவிட்டுப் போன கேமரா இருட்டாகத் தெரிகிறது, என்னம்மா ஆச்சு என்று இரண்டு தரம் மெசேஜ் போட்டிருந்தாய். அது ரிப்பேர் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன், ஆனால் உன் அப்பாவின் வேலை விஷயத்தை முழுசாகச் சொன்னால்தான் அது விளங்கும். போனில் பாதிதான் சொன்னேன், அதற்குள் நீ நடுவில் புகுந்து கம்பெனிக்காரனுக்கு வக்கீலாகிவிட்டாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அப்பா பார்சல் வண்டி ஓட்டுவது உனக்குத் தெரியும். காலையில் பெரம்பலூர் குடோனில் ஏற்றிக்கொண்டு அரியலூர், கல்லங்குறிச்சி, ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பு என்று சுற்றிப் போட்டுவிட்டு சாயங்காலம் திரும்புவார். பொங்கல் கழித்து எல்லா வண்டியிலும் கண்ணாடிக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி மாட்டினார்கள். வண்டி எங்கே போகிறது என்று ஆபீசில் தெரிவதற்கு என்று சொன்னார்கள், சொன்னது அவ்வளவுதான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அப்பா வண்டியை வீட்டுக்கே ஓட்டிவந்து கழுவி நிறுத்தினார். கம்பெனி வண்டிதான், ஆனாலும் சோறு போடுகிற வண்டி என்று நான் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு போய் ஸ்டியரிங், கதவு, கண்ணாடி, கியர் குச்சி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தேன். அந்தக் கறுப்புப் பெட்டிக்கும் வைத்தேன். அதன் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது, பொட்டு வைக்க இடம் குறித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறதே என்று கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி வைத்து மேலே குங்குமமும் வைத்தேன். பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, பொரி கடலை கொடுத்து எல்லாம் முறையாக நடந்தது. பூஜைக்கு வைத்த பொட்டை நம் வீட்டில் துடைக்கிற வழக்கம் இல்லை, தானாக உதிரும் வரை இருக்கும் என்பது நீயே பார்த்து வளர்ந்ததுதான்.

பூஜை முடிந்து அப்பா வண்டி எடுத்த இரண்டாம் நாள் கம்பெனி மேனேஜரிடமிருந்து போன். பெயர் மதுரைவீரன். ஜெயங்கொண்டம் பக்கத்துப் பையன், உன் வயசுதான் இருக்கும். ஊரைக் காக்கிற சாமி பெயரைப் பெற்றவர்கள் ஆசையாக வைத்திருக்கிறார்கள், அவன் பார்க்கிற வேலை என்ன என்று அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. எடுத்த எடுப்பிலேயே, "வண்டிக்குள்ள ரெண்டு நாளா ஒண்ணுமே தெரியல, எதை வச்சு மறைச்சீங்க" என்று அதட்டியிருக்கிறான். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, "எது சார் தெரியல" என்று கேட்டிருக்கிறார். "கேமராதான்" என்றிருக்கிறான். "உள்ள ஏது சார் கேமரா" என்று அப்பா கேட்டதும் அப்படியே போனை வைத்துவிட்டானாம். திருடப் போன இடத்தில் தானே விலாசம் சொல்லிவிட்டு வந்தவனை இப்போதுதான் பார்க்கிறேன். நான் மட்டும் பொட்டு வைக்காமல் போயிருந்தால் அப்பா ரிட்டயர் ஆகும் வரை பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

அன்றைக்கு அப்பா வந்து சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அந்தப் பெட்டி எப்போது மாட்டினது என்று என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டார். பொங்கலிலிருந்து இத்தனை மாதமும் வண்டிக்குள் என்னென்ன செய்தோம், என்னென்ன பேசினோம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மத்தியானம் கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் பக்கம் மர நிழலில் நிறுத்தி, வேர்த்த சட்டையைக் கழற்றிப் போட்டு, நான் கட்டிக் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடுகிற மனுஷன். இந்த வீட்டில் மற்றவர் இருக்க சட்டை மாற்றக்கூட வெட்கப்படுகிறவர். அவரை ஏசி ரூமில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறார்கள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று ராத்திரி அவன் மறுபடி கூப்பிட்டு அந்தக் கறுப்புப் பெட்டி மேல் என்ன என்று கேட்க, பொட்டு வைத்தது என் சம்சாரம் சார் என்று அப்பா சொன்னதால், மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். நானும் உன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டே போனேன். ஒளிந்து பார்க்கிறவன் நேராகவும் ஒரு தரம் பார்க்கட்டுமே. உள்ளே போனால் தீபாவளி பார்சல் கூரை முட்டக் கிடக்கிறது, அதையெல்லாம் யார் கொண்டு போய்ப் போடுவது என்ற கவலை இல்லாமல் அந்த மதுரைவீரன் நாற்காலியில் சுழன்றுகொண்டு இருக்கிறான். "எல்லாம் டிரைவருங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றான். பாதுகாப்புக்கு என்றால் ஏன் தம்பி ஒளித்து வைத்தீர்கள் என்று கேட்டேன். நீ கப்பல் கட்டுகிற இடத்தில் சேஃப்டி சூப்பர்வைசர்தானே, நீயே சொல், ஹெல்மெட்டை யாராவது ஆளுக்குத் தெரியாமல் ஒளித்து மாட்டிவிடுவார்களா? அப்புறம் ஒரு பேப்பரை நீட்டினான். வண்டிக்குள் கேமரா இருப்பது எனக்குத் தெரியும், வேலைக்குச் சேரும்போதே சம்மதித்தேன் என்று எழுதி, பொங்கலுக்கு முன்னால் தேதி போட்டிருந்தது. கையெழுத்துப் போட்டால் வழக்கம்போல வண்டி எடுக்கலாம், இல்லாவிட்டால் கேமராவை வேண்டுமென்றே மறைத்ததாக நடவடிக்கையாம். சம்மதம் இருந்திருந்தால் இப்போது ஏன் சம்மதம் கேட்கிறான்? இதற்கு ஒரு டிகிரி வேறு படித்திருக்கிறானாம்.

அப்பா பேப்பரைத் தள்ளி வைத்துவிட்டார். "போடாத கையெழுத்த போட்டேன்னு சொல்ல மாட்டேன் சார்" என்றார், குரலைக்கூட உயர்த்தவில்லை. அப்போதுதான் அந்தப் பயல் செய்தான் பார், அதை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். மேஜை மேலிருந்த டிவி மாதிரிப் பெட்டியை என் பக்கம் திருப்பி, "உங்க வூட்டுக்காரர் மத்தியானத்துல வண்டிய நிறுத்திட்டு என்ன பண்றாருன்னு நீங்களும் பாருங்கம்மா, அப்புறம் கையெழுத்து போடலாமா வேணாமான்னு ரெண்டு பேரும் பேசுங்க" என்றான், இதழோரம் ஒரு சிரிப்பு வேறு. நான் அப்பாவைப் பார்த்தேன். நீ பைக்கில் விழுந்து திருச்சி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோதுகூட அவர் முகம் அப்படிப் போகவில்லையடா. நான் எதையோ பார்க்கக் கூடாது என்று அவர் தவிக்கிறார், அதைத் தெரிந்துகொண்டுதான் இவன் பொத்தானில் விரலை வைத்திருக்கிறான். அப்பாவின் கை அந்தப் பேப்பரை நோக்கிப் போவதைக்கூடப் பார்த்தேன்.

நான் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். எதிரில் ஏதோ இரும்புக்கடை காலண்டர் தொங்கியது, அதையே பார்த்தேன். "பாருங்கம்மா, பாருங்கம்மா" என்கிறான். "தம்பி, உங்க அம்மா அப்பா இருக்குற ரூமையும் நீங்க இப்படித்தான் ஓட்ட போட்டுப் பாப்பீங்களா" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டேன். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். "முப்பது வருஷமா கூட இருக்கேன், அவரு காட்டுனதத்தான் பாத்திருக்கேன், காட்டாதத நீ யாரு எனக்குக் காட்ட" என்றும் கேட்டேன். அதற்கப்புறம் ஏதோ டக்கென்று அணைக்கிற சத்தம் கேட்டது. அப்பா சாவியை மேஜை மேல் வைத்தார், இருவரும் வெளியே வந்துவிட்டோம்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். டீக்கடையில் உட்கார்ந்ததும், "லீலா, அந்த வீடியோவுல" என்று ஆரம்பித்தார். "டீ ஆறுது, குடிங்க" என்றேன். மறுபடி ஆரம்பித்தார். "நான் கேட்டனா" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடித்தார். அதில் என்ன இருந்தது என்று நீயும் கேட்காதே. எனக்கும் தெரியாது. ஆசையில்லையா என்றால் பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் தூக்கமே வரவில்லை. இருந்தாலும் கேட்க மாட்டேன், கேட்டால் அந்தப் பயல் திருப்பிக் காட்டிய பெட்டியை நானும் எட்டிப் பார்த்த மாதிரிதான்.

அப்பா இப்போது முட்டை வியாபாரி ராசாங்கத்தின் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போகிறார், கூப்பிடுகிற நாளில் வேலை, மற்ற நாளில் வீடு. அப்பாவோடு அங்கே வண்டி ஓட்டிய பஞ்சநாதன் கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்டதோடு விடாமல் வீட்டுக்கே வந்து, எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை என்று வீரம் பேசிவிட்டுப் போனார். பேசும்போதே தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார், நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அண்ணாதுரையும் இன்னும் சில டிரைவர்களும் போடவில்லை. அண்ணாதுரையின் மகள் ஜெயலட்சுமி திருச்சியில் சட்டம் படிக்கிறாள், ஒரு மனுஷனின் அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று பெரிய கோர்ட்டே சொல்லியிருக்கிறது, வேலைக்குப் போகிறவன் அதைக் கம்பெனி கேட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போவதில்லை என்றாள். அவள் எழுதிக் கொடுத்த மனுவைத் தொழிலாளர் ஆபீசில் எல்லோருமாகப் போய்க் கொடுத்திருக்கிறோம். கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொன்னார்கள். என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் ஒன்று, அந்தக் குடோனில் கையெழுத்துப் போட்டவர்களின் வண்டியில்கூட இப்போது பொட்டு இருக்கிறதாம். பூஜை முடிந்து இத்தனை நாள் ஆகியும் சந்தனம் ஈரமாகவே இருக்கிறதாம். துடை என்று சொல்ல அந்தச் சாமி பெயர்க்காரனுக்குத் தைரியம் வரவில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "தப்பு பண்ணலன்னா அப்பா ஏம்மா பயப்படணும், இங்க எங்க பாத்தாலும் கேமராதான், கையெழுத்த போட்டுட்டு வேலையப் பாக்கச் சொல்லு" என்றாய். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடுகிறாயே, உள்ளே என்ன தப்பு செய்கிறாய்? காலேஜ் படிக்கும்போது உன் பெட்டியை ஒரு நாள் திறந்திருப்பேனா? இத்தனை செலவு செய்து படிக்க வைத்து, கடைசியில் அந்த மதுரைவீரன் பேசின பேச்சையே சிங்கப்பூரிலிருந்து பேசுகிறாய். உன்னைப் பெற்றவள் என்பதால் இதோடு விடுகிறேன்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கூடத்து மூலையில் நீ மாட்டின கேமரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வயசான காலத்தில் விழுந்து கிழுந்து வைத்தால் எனக்குத் தெரிய வேண்டாமா என்று சொல்லித்தான் மாட்டினாய், ஒளித்து மாட்டவில்லை, அதனால் உன்னை அந்தப் பயலோடு சேர்க்க மாட்டேன். ஆனால் சொன்னாயே தவிர, மாட்டட்டுமா என்று கேட்டாயா? அது வந்ததிலிருந்து வெயில் மத்தியானத்தில் புடவையைத் தளர்த்திக்கொண்டு கூடத்தில் படுக்க முடியவில்லை. அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுகிறார், மகன் பார்க்கிறான் என்று பேச்சைக்கூடக் குறைத்துக்கொண்டார். நீயும் பேச்சைக் குறைத்துக்கொண்டாய். முன்பெல்லாம் தினம் கூப்பிட்டு, அம்மா சாப்பிட்டியா, அப்பா வந்துட்டாரா என்று கேட்பாய். இப்போது கேட்பதில்லை, பார்த்துக்கொள்கிறாய்.

அதனால்தான் ஸ்டூலைப் போட்டு ஏறி அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் அன்று கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார்.

குழந்தைக்குச் சளி என்று பானு சொன்னாள், ஏசியைக் குறைத்து வையுங்கள். தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்காமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் மூவரும் நோய் நொடி அண்டாமல், தலை நிமிர்ந்து, நாலு பேர் மெச்ச நீடு வாழ வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசியும். எங்களைப் பார்க்க வேண்டும் என்றால் லீவு போட்டு வா. தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேள். சொல்கிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா
கா. லீலாவதி