அச்சில் வந்த மூன்று பெயர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள், பாஸ்டருக்கும்கூட. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நாங்கள் சுகம்.

இங்கே மறைவாகக் கூடும் விசுவாசிகளுக்காக ஜெபிக்கச் சொல்லிப் பன்னிரண்டு பெயர்களை எழுதியிருந்தேனே, அதில் மூன்றை நம் ஊர்ச் சபைப் பத்திரிகை அச்சிட்டுவிட்டது. ஒரு பிரதி இங்கே போலீஸ் கையில் சிக்கியது. நேற்று அந்த மூவரில் ஒருவரான தையற்கார மாமாவைப் பிடித்துப் போனார்கள். "அழாத பாப்பா, என் பேரு அச்சுல வந்ததே இப்பதான்" என்று சிரித்தார். பெயரைக் கொடுத்தது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

மீதிப் பெயர்கள் அடுத்த இதழில் வருமாம். எப்படியாவது நிறுத்துங்கள் அம்மா. "தையற்காரர்" என்று சொல்லி ஜெபித்தாலே கர்த்தருக்குப் புரியும்.

இதைக் கொண்டுவரும் நர்ஸ் அக்காவிடம் உங்கள் பழைய சேலை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள், போர்த்திக்கொள்ள.

அப்பா அந்த மாமா வீட்டுக்கு அரிசி கொண்டுபோயிருக்கிறார். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவிடம்தான் சாவி இருக்கிறதே