குழாய்க்குள் கூப்பிட்ட குரல்

திருப்புலி நாடு, கொல்லிமலை
தை, வெள்ளிக்கிழமை

சண்டிகரில் படம் பார்த்து நோய் சொல்லும் டாக்டருக்குப் படிக்கிற என் சாமி சுஜிதாவுக்கு, உன் அம்மாயி சின்னாத்தாள் எழுதுவது. இங்கே உன் அப்புச்சி சுகம், மாடு சுகம், மிளகு இந்த வருசம் சரம் சரமாகப் பிடித்திருக்கிறது. என் சுகத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் பேசலாமே என்பாய். சிக்னல் கிடைப்பது பஸ் நிற்கிற மேட்டில்தான். அங்கே நின்று பேசினால், பேச்சு எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. அஞ்சாவது வரை படித்த எழுத்து பின்னே எதற்கு இருக்கிறது?

நாமக்கல்லில் ஸ்கேன் எடுத்த அன்றைக்கு நடந்ததை உன் அம்மா சுகுணா பாதிதான் சொல்லியிருப்பாள். பஸ் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும்வரை, என் பேத்தியும் இதே படம் பார்க்கிற டாக்டர்தான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னதும் அந்தப் பெருமை கொஞ்சம் இறங்கிவிட்டது. கல்யாணத்துக்குப் போட்டது; சோப்புப் போட்டுத்தான் வந்தது. காதில் எதையோ மாட்டி, கையில் ரப்பர் உருண்டையைக் கொடுத்து, வெள்ளைக் குழாய்க்குள் தள்ளினார்கள். தடதடவென்று இடி. நடுவில் ஒரு குரல், "மூச்ச இழுத்து நிறுத்துங்க" என்றது. ஆள் இல்லை, குரல் மட்டும்.

நம் காட்டில் உருவம் தெரியாமல் கூப்பிட்டால் மூன்றாம் தரம் வரும்வரை வாய் திறக்கக் கூடாது. மனுசர்தான் மூன்றாம் தரமும் கூப்பிடுவார்கள். மற்றது இரண்டோடு நின்றுவிடும்; அதற்குள் பதில் சொன்னவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும். நான் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தேன். படமெல்லாம் ஆடிப்போய்விட்டதாம். படம் எடுக்கிற பிள்ளை உள்ளே வந்து, "ஏனுங்கம்மா, தூங்கிட்டீங்களா? மறுக்கா மொதல்ல இருந்து எடுக்கோணும்" என்று சலித்துக்கொண்டாள். விசயத்தைச் சொன்னேன். "சரிங்க, உங்களுக்கு மட்டும் மூணு தரம் சொல்றேன். பேய் வந்தா அதையும் அசையாமப் படுக்கச் சொல்லுங்க" என்று சிரித்தாள். சுகுணா தலையில் அடித்துக்கொண்டாள்.

சொன்னபடியே செய்தாள். நானும் மூச்சை நிறுத்தினேன். அப்படி நிறுத்தியிருந்த ஒரு சமயம், இடிக்கு நடுவே, "சின்னா" என்று கேட்டது. காதில் மாட்டியதிலிருந்து இல்லை, தலைமாட்டுப் பக்கமிருந்து. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், "சின்னா". அதற்குப் பிறகு இல்லை.

என்னை அப்படிக் கூப்பிட்டவள் ஒருத்திதான், என் அக்கா ருக்குமணி. நீ பிறக்கும் முன்பே போய்விட்டாள். நாற்பதுக்கு மேல் அவள் வயிறு பெருத்தது. பிள்ளை என்று நினைத்து வளையல் போட்டோம். மாதம் கடந்தும் பிள்ளை வரவில்லை. வயிறு வளர வளர அவள் இளைத்தாள். வளையலோடுதான் தூக்கிப் போனோம். உள்ளே இருந்தது என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

வெளியே வந்து அந்தப் பிள்ளையிடம், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாயா என்று கேட்டேன். "அம்மான்னுதானுங்க சொன்னேன்" என்றாள். இந்தத் தரம் அவள் சிரிக்கவில்லை.

சுகுணா அனுப்பிய படத்தை நீ பார்த்தாய். பிறகு போனில் சொன்னாய்: சாதாரணக் கர்ப்பப்பைக் கட்டி உருண்டையாக இருக்கும், தீட்டு நின்றபின் சுருங்கும், இது வளர்ந்திருக்கிறது, ஓரம் பிய்ந்த மாதிரி இருக்கிறது, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, தசையில் அபூர்வமாக வருகிற கெட்ட கட்டியாக இருக்கலாம், முழுசாக எடுத்துச் சோதித்தால்தான் உறுதி என்று. இங்கத்திய டாக்டர் சின்னத் துளை போட்டுத் துண்டு துண்டாக எடுத்துவிடலாம் என்கிறார். உன் அப்புச்சிக்கும் அதுதான் பிடித்திருந்தது. "மொளகு பறிக்கறதுக்குள்ள ஊட்டுக்கு வந்தரலாம்" என்றார். "குச்சிக்கெழங்குக் குச்சியத் துண்டு போட்டு எறிஞ்சா என்னங்க ஆகும்?" என்று கேட்டேன். துண்டுக்கு ஒரு மரவள்ளிச் செடி முளைக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? அதனால் நீ சொன்ன கோயமுத்தூர் டாக்டரிடமே, பெரிய கீறலாகப் போட்டு முழுசாக எடுக்கச் சம்மதித்துவிட்டேன். மாசி பிறந்து முதல் புதன்கிழமை.

கத்திக்கு நான் பயப்படவில்லை. ஸ்கேனுக்குப் பிறகு, பொழுது சாயும்போது மிளகுக்கொடிப் பக்கமும் கேட்கிறது. இரண்டு தரம்தான். ஆனால் நாளுக்கு நாள் கிட்டே வருகிறது. உன் அப்புச்சிக்குக் கேட்பதில்லை. மாடு மட்டும் காதைத் திருப்புகிறது. முழித்திருக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். மயக்க ஊசி போட்டபின், முதல் கூப்பாட்டுக்கே "ஏனக்கா" என்று சொல்லிவிட்டால்? அவள் கெட்டவள் இல்லை கண்ணு. தனியாக இருக்கிறாள், அவ்வளவுதான்.

உனக்குப் பரீட்சை நேரம், வர வேண்டாம். நன்றாக எழுது, எட்டுக்கை அம்மன் உனக்குத் துணை இருப்பாள். சும்மா தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்: முதல் நாள் சாயந்திரமே சேர்த்துக்கொள்வார்களாம், கூட ஒரு ஆள் தங்கலாமாம். சுகுணாவுக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது. ஒருவேளை நீ வந்தால், கதவுக்கு வெளியே நின்று கூப்பிடாதே சாமி. உள்ளே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிடு. கை சூடாக இருந்தால் நீதான் என்று தெரிந்துகொள்வேன்.

உன் வரவை எதிர்பார்க்காத,
அம்மாயி சின்னாத்தாள்