அணியத்தில் ஒரு மணல் மூட்டை

பெரியகல்லாறு
18.07.2012

அன்புள்ள கண்ணகைக்கு,

அழகரத்தினம் எழுதுவது. இங்கு நான் சுகம். கனடாவில் நீயும் மகள் ஆர்த்திகாவும் மருமகனும் குழந்தையும் சுகமாக இருக்க அம்மன் துணை நிற்கட்டும். தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். தொலைபேசியில் இரண்டு ‘ஓம்’, ஒரு ‘ம்’ சொல்லிவிட்டு அதைப் பேத்தியின் காதில் வைத்துவிடுகிறாய். அவளுக்கோ இன்னும் பேச்சு வரவில்லை. இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்தால் வாயில்தான் வைப்பாள். ஆகவே நீயே வாசி.

வைகாசியில் கோயில் சடங்கு குறைவில்லாமல் முடிந்தது. உன் பெயருக்கு உன் தங்கை பொங்கல் வைத்தாள், அடிப்பிடித்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து முற்றம் முழுக்கக் குப்பை. கூட்டாமல் கிடக்கிறேன் என்று நினைக்காதே, கூட்டுகிறேன்.

இனி நம் படகு, அந்தப் போட்டின் விஷயம். பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனாய். குழந்தைக்குப் பல்லும் முளைத்துவிட்டது. விசாவை ஏன் நீட்டினாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன ஆவணியில் வாவிக்கு அக்கரையில், படுவான்கரைத் துறையில் நடந்ததுதான். காற்று போட்டின் மூக்கைத் தள்ளத் தள்ள, நீ கயிற்றோடு பாய்ந்தாய். கயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவில் உன் விரல்கள் அகப்பட்டன. நான் விரலைப் பார்க்கவில்லை. “கண் பொட்டையா உனக்கு” என்று, பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி வந்த பதினாறு ஆசிரியர்களுக்கு முன்னால் கத்தினேன். நீ முறிந்த விரல்களோடு முடிச்சைப் போட்டுவிட்டுப் பலகையில் போய் இருந்தாய். வீட்டுக்கு வந்த பிறகுதான் “இனி உங்கட போட்டுக்கு நான் ஆளில்ல” என்று சொன்னாய்.

நீ போன பிறகு கயிறு பிடிக்க இளையதம்பி அண்ணனைக் கூப்பிட்டேன். மூன்று நாள் வந்தார். நாலாம் நாள், “இந்தத் தொண்டைய வடமோடிக் கூத்துக்குக் குடு, மறுகா வந்து போட் ஓட்டு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் இரண்டே நாள். ஐப்பசியில் போட்டைக் கரையில் ஏற்றிவிட்டேன். ஆசிரியர்கள் ஊர் சுற்றி பஸ்ஸில் போனார்கள்.

அந்தப் போட் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு வெள்ளைக்காரர் தந்தது, கடலுக்கென்று செய்தது. வாவிக் காற்றில் அதன் உயர்ந்த கூடு பாய் மாதிரி வேலை செய்யும். சண்டைக் காலத்தில் பெரிய எஞ்சினுக்கு அனுமதி இல்லாமல் கொட்டிலில் கிடந்தது. எல்லாம் ஓய்ந்த பிறகுதான் இறக்கினோம். அன்றிலிருந்து துறையில் அதைப் பிடித்து நிறுத்தியது என் சுக்கான் இல்லை, உன் கைகள்தான். இதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

தை மாதம் காத்தான்குடி மெக்கானிக் சாலிஹ் வந்து, திரஸ்டர் என்று ஒன்று இருக்கிறது என்றான். சின்ன விசிறி ஒன்று தண்ணீருக்குள் குறுக்காக இருக்கும். பற்றரியில் ஓடும். சுக்கானுக்குப் பக்கத்தில் உள்ள பிடியை இடம் தள்ளினால் மூக்கு இடம் போகும், வலம் தள்ளினால் வலம். பெரிய ஊர்களில் துறையில் கட்டும்போது புருசன் பெண்சாதி சண்டை வராமலிருக்க இதைத்தான் பூட்டுகிறார்களாம். இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதில் இரண்டு வகை. ஒன்று வெளியே தொங்குவது, போட்டை வெட்டத் தேவையில்லை. மற்றது அடிப்பக்கத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து, அதற்குள் விசிறியை இருத்துவது. எனக்கு வெட்ட மனமில்லை. சாலிஹ்தான், தொங்குவது என்றால் முதல் நாளே வலையிலும் சாற்றாவாழை நீர்ப்பூண்டிலும் சிக்கும், சேற்றில் இடிக்கும் என்று மறித்தான். பெரிய மோட்டராக வாங்குவோம் என்றேன். போட்டின் பக்கத்தை அளந்து, காற்றுக்கு ஈடு கொடுக்கிற அளவு போதும், கூடினால் பற்றரிதான் சாகும் என்றான். பின்பக்கத்துக்கு ஒன்று வேண்டாம், அதை எஞ்சினும் சுக்கானும் பார்க்கும் என்றான். நீர்கொழும்பில் உடைத்த உல்லாசப் படகு ஒன்றிலிருந்து கழற்றியது கிடைத்தது.

பங்குனியில் ஓட்டை வெட்டினோம். வெட்டினோம் என்பது பொய். சாலிஹ் வெட்டினான், நான் தேநீர்க் கடையில் இருந்தேன். குழாயை வைத்து உள்ளும் புறமும் பைபர் அடித்தான். பெருவிரல் மொத்தத்தில் வயர் இழுத்து, தனிப் பற்றரியை மூக்குப் பக்கத்து அணியத்துக்குள் கட்டி, பியூஸும் போட்டான். விசிறி தண்ணீருக்கு எவ்வளவு கீழே நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. போட்டின் பக்கத்தில் பழைய பாசிக்கோடு தெளிவாகத் தெரிந்தது. அதுதான் தண்ணீர் மட்டம், அதிலிருந்து கீழே அளந்துகொள் என்று நானே கை வைத்துக் காட்டினேன்.

போன மாதம் இறக்கினோம். பிடியைத் தள்ளினால் மூக்கு அசையவில்லை. குழாய் காற்றை உறிஞ்சிக் கொறகொறவென்று சத்தம் போட்டது. நான் சாலிஹைப் பார்த்துக் கத்தினேன். அவன் போட்டைச் சுற்றி ஒரு தரம் நீந்தி வந்து, “மிசின் சரி அண்ணன். மூக்குத்தான் மேல நிக்கிது. முன்னுக்கு ஆரும் இருக்கிறவங்களா?” என்று கேட்டான்.

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தப் பாசிக்கோடு நீ இருந்த கோடு. இரண்டு வருடத்துக்கு மேல் நீயும் உன் கயிற்றுப் பெட்டியும் அணியத்துப் பலகையில் இருந்த பாரத்தில் விழுந்த கோடு. நீ இல்லாத போட்டுக்கு நான் உன்னை வைத்து அளந்திருக்கிறேன். சாலிஹ் சிரிக்கவில்லை, அந்தப் பாரத்துக்கு மணல் வைப்போம் என்றான். நல்லவன். அவன் மனைவி ஸகியாதான், “மனிசியக் கூட்டி வாறத உட்டுப்போட்டு மண்ணக் கட்டப் போறாராம்” என்று சொல்லிச் சிரித்தாளாம்.

மண்ணைத்தான் கட்டினேன். உன் இடத்தில் ஒரு மணல் மூட்டை வைத்தேன். மூக்கு தாழ்ந்தது, விசிறி பிடித்தது. போன திங்கட்கிழமை நல்ல கச்சான் காற்றில் ஆசிரியர்களை ஏற்றிப் படுவான்கரைத் துறைக்குப் போனேன். பிடியை விட்டு விட்டு நாலு தரம் தள்ளினேன், போட் பக்கவாட்டில் போய்த் துறையோடு அணைந்து நின்றது. யாரும் பாயவில்லை. நானும் கத்தவில்லை. ஒரு ரீச்சர், “அண்ணன், இண்டைக்குச் சுகமில்லையா” என்று கேட்டார்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் இதை உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

சுனாமி அன்று காலை நீ கடலுக்கு முதுகு காட்டி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாய். நான் வேலியடியில் நின்றேன். கரையில் கிடந்த தோணிகளுக்கு மேலாகத் தண்ணீர் எழும்பி வந்ததை நான் கண்டேன், கண்ணகை. கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. ஒரு சொல் வந்திருந்தால் நீ மதிலில் ஏறியிருப்பாய். பின்நேரம் ஊரின் மறுபக்கத்து வாவிக்கரையில், கண்ணா மரப் பற்றைக்குள்ளிருந்து உன்னை உயிரோடு எடுத்தார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நீ, “பாவம், அவரு காணல்ல. கண்டிருந்தாக் கத்தியிருப்பாரு” என்றுதான் சொல்கிறாய். ஒவ்வொரு தரமும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு தண்ணீருக்கும் தரைக்கும் நடுவில் நீ காலை வைக்கும்போதெல்லாம் என் வாய் தானாகத் திறந்துவிடும். பயம்தான். ஆனால் அதைச் சொல்லி நான் தப்பப் பார்க்கவில்லை. விரலை முறித்ததும் நான், அத்தனை பேருக்கு முன்னால் உன்னைத் தாழ்த்தியதும் நான். என்னை மன்னித்துக்கொள்.

வர மனமில்லையென்றால் அதையும் எழுது, கத்தமாட்டேன். வந்தால் கயிற்றைத் தொடவும் வேண்டாம், பாயவும் வேண்டாம். சும்மா இருந்தால் போதும். அந்த விரல்கள் இப்போது மடங்குகின்றனவா என்று எழுது. குழந்தைக்கு என் முத்தம். உங்கள் எல்லோரையும் அம்மன் காக்கட்டும்.

மணல் மூட்டையை நான் பலகையோடு சேர்த்துக் கட்டி வைக்கவில்லை. நானும் சாலிஹும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் ஒரு நிமிடத்தில் இறக்கிவிடலாம்.

உன்
அழகரத்தினம்