பனிக்குள் கிடந்த கேமரா

தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிறு

அன்புத் தம்பி நஸ்ரிக்கு,

அங்கே சிட்னியில் கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். இங்கே அம்மா எழுந்து நடமாடுகிறாள். மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது, சாப்பாடுதான் இறங்கவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குக் கசப்புக் காப்பி ஊற்றி ஊற்றி என் மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. நேற்று மறுபடியும் பனி கொட்டியது. நம் மலையிலிருந்து கீழே திரிபோலிக்கு இறங்கும் சாலையை மதியம்தான் திறந்தார்கள்.

இந்தக் கடிதத்தை ஜூமானா டீச்சர் கையில் கொடுத்தனுப்புகிறேன். விடுமுறைக்கு வந்தவள் வியாழக்கிழமை சிட்னிக்குத் திரும்புகிறாள். உறைக்குள் விரல்நகம் அளவு ஒரு கார்டு ஒட்டியிருக்கும். தயவுசெய்து அதை முதலில் கணினியில் செருகாதே. முதலில் இதைப் படி. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் வாக்கியத்திலேயே நீ கத்துவாய், நானும் சளைத்தவள் இல்லை, இரண்டு பேரும் கத்தி முடிப்பதற்குள் ஜெனரேட்டர்காரன் கரண்டை நிறுத்திவிடுவான். காகிதத்தோடு சண்டை போட முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் அடக்கத்துக்கு நீ வரவில்லை என்று இங்கே யாரும் குறை சொல்லவில்லை. குடியுரிமைக் காகிதம் வராமல் அங்கிருந்து கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பது அம்மாவுக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற மாதிரி இருக்க வேண்டும், எல்லாவற்றையும் படமெடு என்று நீ அழுதுகொண்டே கேட்டாய். கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்க நீ வாங்கிய டிரோன் என் கடை அலமாரியில் சும்மாதான் இருந்தது. நானே பறக்கவிட்டேன். போன் பழுது பார்க்கிறவளுக்கு டிரோன் எதற்கு என்று ரூக்கோஸ் முணுமுணுத்தான். பெரியப்பா மகன் என்றால் எதற்கும் முணுமுணுக்கலாம் என்று அவனுக்கு எண்ணம்.

கோயிலிலிருந்து கல்லறைக்குப் போகும் வழி தன்னூஸின் ஆப்பிள் தோட்டச் சுவரை ஒட்டித்தானே போகிறது. வாய்க்கால் தண்ணீர் முறைக்காக அப்பாவும் அவரும் கோர்ட்டு வரைக்கும் போனதும், அதற்குப் பிறகு முகம் பார்க்காமலேயே கிழவர்களானதும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தன்னூஸ் கோயிலுக்கு வரவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பெட்டி அந்தத் திருப்பத்தை நெருங்கியபோது பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. நம் ஆட்கள் வழக்கம்போல வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். வேண்டாம் என்று சாமியார் கோயிலிலேயே சொல்லியிருந்தார், யார் கேட்டது. எல்லோரும் சுட்டு ஓய்ந்த பிறகு, தனியாக ஒரு வெடி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. அடுத்த கணம் டிரோன் அந்தச் சுவருக்குப் பின்னால் விழுந்தது. என் கையிலிருந்த திரை கறுத்துப்போனது.

அப்பாவின் பெட்டியை நடுவழியில் விட்டுவிட்டு டிரோனைத் தேடி ஓட முடியுமா? கல்லறையில் நான் அழுததைப் பார்த்து எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். அதில் பாதி அழுகை உனக்காக. நீ பார்க்க வேண்டியது போய்விட்டதே என்று.

சாயங்காலம் தன்னூஸ் நம் வாசலுக்கு வந்தார். தன் கோட்டுக்குள் டிரோனைச் சுற்றி, குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றார். ஈரமாக இருந்தது, அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய வைத்தேன் என்றார். நம் மலையில் நனைந்த சாக்ஸிலிருந்து நனைந்த ஆட்டுக்குட்டி வரை எல்லாமே டீசல் அடுப்புப் பக்கம்தானே போகும். அந்த மனிதருக்குத் தெரிந்த வைத்தியம் அது. டிரோனின் ஒரு கால் வளைந்து, பிளாஸ்டிக் கருகிய வாடை அடித்தது. பேட்டரி உப்பிப்போயிருந்தது. ரூக்கோஸ் அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினான்.

"சுட்டுத் தள்ளினதும் இல்லாம வாட்டி வேற எடுத்துட்டு வந்திருக்கான். கோழியா இது?" என்றான். துக்க வீடு என்றும் பார்க்காமல் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீ போன் செய்தாய், ரூக்கோஸ் எடுத்தான். அப்பா போகும் வழியில்கூட அவன் நிம்மதியாக விடவில்லை என்று இவன் சொல்ல, வாய்க்காலோரம் அவன் மரம் ஒன்றுகூட நிற்கக் கூடாது என்று நீ சொன்னாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நானும் கேட்டேன்.

டிரோனைத் திறந்து பார்க்கிற வரைக்கும் பொறு என்று ரூக்கோஸிடம் சொன்னேன். சொன்னேன்தான், ஆனால் உரக்கச் சொல்லவில்லை. காலையில் மர அறுவை இயந்திரத்தின் சத்தம் கேட்டபோது நான் ஓடிப்போய் மரத்தின் முன்னால் நிற்கவும் இல்லை. உண்மையைச் சொன்னால், அப்பாவை இத்தனை வருஷம் வாட்டியவன் படட்டும் என்று மனதில் ஒரு மூலை குளிர்ந்தது. அந்த மூலையை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது. வாய்க்காலோரத்து வரிசை முழுவதும் போய்விட்டது, நஸ்ரி. அவர் அப்பா வைத்த மரங்கள். தன்னூஸ் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை, துப்பாக்கியையும் எடுக்கவில்லை. பயந்துவிட்டான் என்று நம் ஆட்கள் மெச்சிக்கொண்டார்கள்.

நான் கடைக்குப் போய் டிரோனோடு உட்கார்ந்தேன். ஆளுக்கொரு யோசனை. ரூக்கோஸின் மனைவி ஒரு சட்டி நிறைய உடைத்த கோதுமை கொண்டுவந்தாள். போனை அரிசியில் போடுவார்களாம், அரிசி விற்கிற விலைக்கு இது போதும் என்றாள். அந்த மாவு மோட்டாருக்குள் போனால் அது ஜென்மத்துக்கும் சுற்றாது என்று திருப்பி அனுப்பினேன். இன்னொருவர் நம் சோம்புச் சாராயத்தை ஊற்றிக் கழுவச் சொன்னார். சோம்பெண்ணெய் ஒட்டிக்கொள்ளும், அதை நீங்களே குடியுங்கள் என்றேன். வருகிறவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: ஒரு தடவை பட்டனை அழுத்திப் பாரேன். ஈரம் உள்ளே இருக்கும்போது பட்டனை அழுத்தினால் பிழைக்கக்கூடியதும் செத்துப்போகும். உப்பிய பேட்டரியை முதல் வேலையாகக் கொல்லைப் பனியில் வீசினேன்.

கார்டில் ஊர்வலத்தின் தொடக்கம் பத்திரமாக இருந்தது. ஆனால் கடைசிப் படம் திறக்கவில்லை. பதிவாகிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்துபோனால் படம் மூடப்படாமல் நின்றுவிடும். கடிதத்தைப் பாதியில் விட்டு எழுந்துபோன மாதிரி. அதே கேமராவுக்கு ஒரே ஒரு தடவை உயிர் வந்தால் போதும், விட்ட இடத்திலிருந்து அதுவே மூடிக்கொள்ளும். அதனால் அது மறுபடி பறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, ஒரு தடவை கண் விழித்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

டிரோனின் மேல் ஓட்டைக் கழற்றினேன். முதலில் ஈயக் குண்டைத் தேடினேன். இறக்கைகளில், கால்களில், ஓட்டில், எங்கேயும் ஒரு துளை இல்லை, கீறல்கூட இல்லை. ரூக்கோஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். குண்டு உரசிக்கொண்டு போயிருக்கும் என்றான். மரத்தை அறுத்துவிட்டவன் வேறு என்ன சொல்வான்.

பலகையைச் சுத்த ஆல்கஹாலும் பல் துலக்கும் பிரஷும் வைத்துக் கழுவிக் காய விட்டேன். அடுப்புப் பக்கத்தில் இல்லை, ஜன்னலோரத்தில். காய்ந்த பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தால் மின்சாரம் உள்ளே வரும் இடத்திலேயே ஷார்ட். அப்படியே பேட்டரியைப் போட்டிருந்தால் எல்லாம் எரிந்திருக்கும். எந்த உறுப்பு என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, அக்கா, நகைக்கடைக்காரன் மாதிரி பார்க்காதே என்று நீ கேலி செய்வாயே, அந்த வேலைதான். பலகை முழுக்க ஆல்கஹாலைத் தடவி, மிகக் குறைந்த மின்சாரம் கொடுத்து, குனிந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கெட்டுப்போன உறுப்பு சூடாகும், அதன் மேல்தான் ஈரம் முதலில் காயும். எள் அளவு ஒன்று, முதலில் காய்ந்தது. பெயர்த்தெடுத்தேன். அது இல்லாமலும் கொஞ்ச நேரம் ஓடும். கேமராவைத் திருப்பும் பட்டை நாடாவும் கிழிந்திருந்தது. அதை அப்படியே விட்டேன். பெட்டியிலிருந்த இன்னொரு பேட்டரியைச் செருகி, அப்பா பெயரைச் சொல்லிப் பட்டனை அழுத்தினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் திக்கித் திணறியது. பிறகு படம் மூடிக்கொண்டது. நான் அம்மாவைக் கூப்பிட்டேன், ரூக்கோஸையும் கூப்பிட்டேன். அவன் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கூப்பிட்டேன்.

இனி கார்டில் நீ பார்க்கப் போவதைச் சொல்கிறேன். பெட்டி திருப்பத்துக்கு வருகிறது. படம் ஆடத் தொடங்குகிறது, சரிகிறது, மறுபடி நிமிர்கிறது. மூடுபனியில் இறக்கையில் பனி உறைந்துவிட்டது, அவ்வளவுதான். அப்போது தன்னூஸ் சுவருக்குப் பின்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார், துப்பாக்கி இன்னும் தரையைப் பார்த்துத்தான் இருக்கிறது. டிரோன் தலைகீழாகப் போகத் தொடங்கிய பிறகுதான் அவர் அதைத் தூக்குகிறார், அதுவும் பள்ளத்தாக்குப் பக்கமாக. பெட்டி தன் சுவரைக் கடக்கும்போது மரியாதை செய்யத்தான் அந்த மனிதர் குளிரில் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். ரூக்கோஸ் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

படம் அதோடு முடியவில்லை. விழுந்த பிறகும் கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. முதலில் வெறும் வெள்ளை. பிறகு ஒரு கை பனியை விலக்குகிறது. தன்னூஸ் முகம். மார்பு வரை பனியில் நிற்கிறார், மூச்சு வாங்குகிறது. அவர் டிரோனை உடனே எடுக்கவில்லை. நீ அதன் வழியாக நேரடியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றுதான் அன்று ஊர் முழுக்க நினைத்தது. அம்மாகூடக் கோயில் வாசலில் அதைப் பார்த்துச் சாப்பிட்டியா என்று கேட்டாள். அது வெறும் பதிவுதான் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? தொப்பியைக் கழற்றினார். வலது கையை நெஞ்சில் வைத்தார். கேமராவைப் பார்த்து, உன்னைப் பார்த்து, உதட்டை அசைத்தார்.

இந்த வகை டிரோன் சத்தத்தைப் பதியாது. ஆனால் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் கை வைத்தவன் இறந்தவரின் மகனிடம் நம் மலையில் சொல்வது ஒன்றைத்தான். போனவருக்கு ஈடாக நீ நன்றாக இரு. அம்மா அதைப் பார்த்ததும் வாய்விட்டே பதில் சொன்னாள், நீங்களும் நன்றாக இருங்கள் என்று. அப்புறம் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். பதிலுக்காகக் காத்திருக்கிற மாதிரி அவர் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார், நஸ்ரி. அதற்குள் ஈரம் உள்ளே இறங்கி எல்லாம் அணைந்துபோகிறது.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். ரூக்கோஸ் வாசல் வரை வந்து, உள்ளே வர முடியாமல் சுவரோரமே நின்றுவிட்டான். தன்னூஸின் மனைவி வர்தே கதவைத் திறந்தாள், உட்காரச் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன், உன் சார்பிலும் கேட்டேன். அவர் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பையன் பாத்தானா?"

இன்னும் பார்க்கவில்லை, அன்று அது உன்னிடம் வந்து சேரவே இல்லை, இப்போதுதான் அனுப்பப் போகிறேன் என்றேன். அவர் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"அப்ப அவன் பாக்கலையா? நான் சொன்னதுக்குத்தான் இந்தப் பதில்னு நினைச்சுக்கிட்டேன்மா" என்றார். வெட்டிக் கிடந்த மரங்களின் பக்கம் கையைக் காட்டினார்.

தம்பி, நான் வேறு என்ன எழுத. அந்த மரங்களை உன்னாலும் என்னாலும் திரும்ப நிறுத்திவைக்க முடியாது. துக்கம் சொன்னவனுக்குப் பதில் சொல்லாமல் விடுகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது, அப்பா தன் எதிரிக்குக்கூட விட்டதில்லை. நாற்பதாம் நாள் பூசைக்கு முன்னால் அவருக்குப் போன் செய். எண்ணை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். திட்டினால் வாங்கிக்கொள், பேசாமல் இருந்தால் நீயும் கொஞ்சம் பேசாமல் இரு. ஆனால் வைப்பதற்கு முன்னால் அம்மா பதிலாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடு. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், உரக்கச் சொல்.

கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும்.

உன் அக்கா,
ஹியாம்